கானா முதலில் எந்த அணியைத் தூக்கி நிறுத்த வேண்டும்: அண்டர்-17ஆ, அண்டர்-20ஆ?

2025இல் இரண்டு இளையோர் உலகக் கோப்பைகள் அடுத்தடுத்து நடந்தன. செப்டம்பர் இறுதியில் சிலியில் அண்டர்-20 தொடங்கியது. நவம்பரில் கத்தாரில் அண்டர்-17. சிலிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நான்கு அணிகள் போயின, கத்தாருக்குப் பத்து. இரண்டு பட்டியலிலும் கானா இல்லை.

நான்கில் இடம் கிடைக்காதது துரதிர்ஷ்டம் என்றாவது சொல்லலாம். எகிப்தில் நடந்த ஆப்பிரிக்க அண்டர்-20 கோப்பையின் காலிறுதியில், போட்டியை நடத்திய எகிப்திடமே பெனால்டியில் தோற்றுத்தான் அந்த வாய்ப்பு போனது. ஆனால் பத்தில் ஒன்றாகக்கூட வர முடியாமல் போனதற்கு என்ன சமாதானம் சொல்வது? 1991, 1993, 1995, 1997 என்று தொடர்ந்து நான்கு அண்டர்-17 உலகத் தொடர்களில் இறுதிப் போட்டி ஆடிய நாடு இது.

சீனியர் அணியான பிளாக் ஸ்டார்ஸ் 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டதால் தலைநகர் அக்ராவில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. அதனாலேயே இந்தக் கேள்வியை இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. ஓர் அணிக்கு மட்டும் நீண்ட கால முகாம், நல்ல பயிற்சியாளர், வெளிநாட்டு நட்பு ஆட்டங்கள் என்று முழுச் செலவு செய்ய முடியும் என்றால் எந்த அணிக்குச் செய்வது? 17 வயதுப் பையன்களின் பிளாக் ஸ்டார்லெட்ஸுக்கா, 20 வயது இளைஞர்களின் பிளாக் சாட்டிலைட்ஸுக்கா? மூன்றாவதாக ஒரு குரலும் உண்டு. அகாடமிகள் பார்த்துக்கொள்ளட்டும், தேசிய இளையோர் அணிக்குத் தனியாகப் பணம் கொட்டுவானேன் என்பது அது.

முதலில் கோப்பைக் கணக்கைப் பார்த்துவிடலாம். தீர்ப்பு அதில் இல்லை, ஆனாலும் வாதிடுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

ஸ்டார்லெட்ஸின் பொற்காலம் தொண்ணூறுகள். 1991இல் இத்தாலியில் ஸ்பெயினை 1-0 என்று வென்று கோப்பை. 1993இல் ஜப்பானில் நைஜீரியாவிடம் 2-1 தோல்வி. இறுதியில் ஆடிய இரண்டு அணிகளும் மேற்கு ஆப்பிரிக்க அணிகள். 1995இல் ஈக்வடாரில் பிரேசிலை 3-2 என்று சாய்த்து மீண்டும் கோப்பை. 1997இல் எகிப்தில் அதே பிரேசில் 2-1 என்று பழி தீர்த்துக்கொண்டது. 1999இல் நியூசிலாந்தில் மூன்றாம் இடம். அத்துடன் ஓட்டம் நின்றது. 2007இல் கொரியாவில் நான்காம் இடம், 2017இல் இந்தியாவில் காலிறுதி. அதன் பிறகு ஒன்றுமில்லை.

சாட்டிலைட்ஸின் கதை இவ்வளவு சீரானதல்ல. 1993இல் ஆஸ்திரேலியாவிலும் 2001இல் அர்ஜென்டினாவிலும் இறுதிவரை போய்த் தோற்றார்கள். 1997இல் மலேசியாவில் நான்காம் இடம். 2009இல் எகிப்தில் கோப்பை. 2013இல் துருக்கியில் மூன்றாம் இடம். 2015இல் மாலியிடம் 0-3 என்று அடிவாங்கி இரண்டாம் சுற்றோடு வெளியேறினார்கள். 2021இல் மொரிட்டானியாவில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றார்கள். ஆனால் கொரோனாவால் அந்த ஆண்டின் உலகக் கோப்பையே ரத்தாகிவிட்டது. வென்றும் போக இடமில்லாமல் நின்ற அணி அது.

கெய்ரோவில் 2009 அக்டோபர் 16 அன்று நடந்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அண்டர்-20க்கே பணம் என்று வாதிடுகிறவர்களின் துருப்புச் சீட்டு அந்த ஒரு இரவுதான். பிரேசிலுக்கு எதிரான இறுதிப் போட்டியின் 37ஆவது நிமிடத்தில் டிஃபெண்டர் டேனியல் அட்டோவுக்கு ரெட் கார்டு. அங்கிருந்து கூடுதல் நேரமும் சேர்த்து 80 நிமிடங்களுக்கு மேல் பத்துப் பேரோடு ஆடினார்கள். கோல் விழவில்லை. பெனால்டியில் 4-3. கடைசி உதையைப் போட்டவர் இம்மானுவல் அக்யெமாங்-பாடு. அண்டர்-20 உலகக் கோப்பையை வென்ற முதல் ஆப்பிரிக்க நாடு கானா. அடுத்து ஓர் ஆப்பிரிக்க அணி, மொராக்கோ, அதைத் தொடப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

அந்த வெற்றியைவிட, அதற்குப் பின் வந்த ஒன்பது மாதங்கள்தான் முக்கியம். 2010 ஜனவரியில் அங்கோலாவில் ஆப்பிரிக்கக் கோப்பை. சீனியர் அணியின் நடுக்கள நட்சத்திரம் எஸ்ஸியன் காயத்தில் விழ, பயிற்சியாளர் மிலோவான் ராயெவாட்ஸ் கெய்ரோ பையன்களை இறக்கினார். இறுதிவரை போய் எகிப்திடம் ஒரே கோலில் தோற்றார்கள். ஜூனில் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை. அண்டர்-20 கேப்டன் ஆண்ட்ரே அயூ, சாமுவேல் இன்கூம், ஜொனாதன் மென்சா, அக்யெமாங்-பாடு, டொமினிக் அடியா ஆகிய எல்லோரும் சீனியர் அணியில் இருந்தார்கள். கானா காலிறுதி வரை போனது. உருகுவேக்கு எதிரான அந்த ஆட்டத்தின் கடைசி நொடியில் உருகுவே வீரர் சுவாரெஸ் கோல் கோட்டில் நின்று கையால் தடுத்த பந்து யார் தலையால் முட்டியது தெரியுமா? அடியாவுடையது. கெய்ரோவில் 8 கோல் அடித்துச் சிறந்த வீரர் விருதையும் அதிக கோல் விருதையும் சேர்த்து வாங்கியவர். ஓர் இளையோர் அணி ஓராண்டுக்குள் சீனியர் அணியின் முதுகெலும்பாக மாறிய இப்படி ஓர் உதாரணம் ஆப்பிரிக்காவில் எளிதில் கிடைக்காது.

2001 அணியும் அப்படித்தான். ப்யூனஸ் அயர்ஸில் முன்கள வீரர் சவியோலாவின் அர்ஜென்டினாவிடம் 0-3 என்று தோற்ற அணியில் மைக்கேல் எஸ்ஸியன், சல்லி முந்தாரி, ஜான் மென்சா இருந்தார்கள். ஐந்தே ஆண்டில், 2006இல், கானா தன் முதல் உலகக் கோப்பைக்குப் போனபோது அணியைத் தாங்கியவர்களில் இவர்கள் மூவரும் உண்டு.

இதற்கு எதிராக அண்டர்-17 பக்கம் காட்டப்படும் பெயர் நி ஓடார்ட்டே லாம்ப்டி. 1991 தொடரின் சிறந்த வீரர். இறுதிப் போட்டியில் கோல் அடித்தவர் இம்மானுவல் டுவா என்றாலும், உலகம் பேசியது லாம்ப்டியைப் பற்றித்தான். அப்போதே அவர் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அணியில் பெரியவர்களோடு ஆடிக்கொண்டிருந்தார். பிறகு ஹாலந்து, இங்கிலாந்து, இத்தாலி, அர்ஜென்டினா, துருக்கி, சீனா என்று ஊர் ஊராக மாறினார், எங்கும் காலூன்றவில்லை. ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் படிப்பு இல்லாமல் போனதைப் பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். அக்ராவில் ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கினார். பதினாறு வயதில் உலகப் புகழ் வந்தால் இப்படித்தான் என்று கானாவில் இன்றும் அவரைக் காட்டிப் பேசுகிறார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பேச்சு பாதிதான் சரி. அடியாவும் இருபது வயதில் ஏசி மிலானுக்குப் போனார்; அங்கே ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. அதன் பிறகு செர்பியா, உக்ரைன், கஜகஸ்தான், தாய்லாந்து. சீக்கிரம் வந்த புகழ் கவிழ்ப்பதற்கு வயது வித்தியாசம் பார்ப்பதில்லை. லாம்ப்டியோடு 1991 அணியில் இருந்த சாமுவேல் குஃபோர் பேயர்ன் மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். அவரைப் பற்றி எச்சரிக்கைக் கதை சொல்வார் இல்லை.

ஆக, கோப்பையும் பெயர்களும் மட்டும் வைத்துப் பார்த்தால் சீனியர் அணிக்கு நேரடியாக வீரர்களைத் தந்தது அண்டர்-20. இங்கேயே நிறுத்திவிட்டால் முடிவும் அதுதான். ஆனால் 2009க்குப் பிறகு ஆட்டத்தின் விதிகளும் நடைமுறையும் மாறிவிட்டன. மூன்று மாற்றங்கள் இந்தக் கணக்கையே புரட்டிப் போடுகின்றன.

முதலாவது, இடங்களின் எண்ணிக்கை. அண்டர்-17 உலகக் கோப்பை 2025 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது, 48 அணிகளோடு. ஆப்பிரிக்காவுக்குப் பத்து இடம். அண்டர்-20 இன்னும் இரண்டாண்டுக்கு ஒரு முறை, 24 அணிகள், ஆப்பிரிக்காவுக்கு நான்கு இடம். இரண்டாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு பக்கம் இருபது இடம், மறுபக்கம் நான்கு. சாட்டிலைட்ஸுக்கு வாரிச் செலவழித்துவிட்டு, ஆப்பிரிக்கக் காலிறுதியில் ஒரு பெனால்டி கம்பத்தில் பட்டால் இரண்டாண்டு வேலையும் போச்சு. ஸ்டார்லெட்ஸ் ஒரு வருடம் தவறினாலும் அடுத்த வருடம் இன்னொரு கதவு திறக்கும்.

இரண்டாவது, ஆட்கள் கையில் இருக்கிறார்களா என்பது. பதினெட்டு வயதுக்கு முன் ஒரு வீரரை நாடு விட்டு நாடு வாங்கக் கூடாது என்று ஃபிஃபா விதி, சில விலக்குகளோடு, இருக்கிறது. லாம்ப்டி காலத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே கானாவின் திறமையான பதினாறு வயதுப் பையன்கள் இன்று ஏறக்குறைய எல்லோரும் கானாவிலேயே இருக்கிறார்கள். சிறுவர்களுக்கான கோல்ட்ஸ் லீக்குகளில், அகாடமிகளில், முதல்நிலை கிளப்புகளில். கூப்பிட்டால் பிராம்பிராமில் உள்ள தேசியப் பயிற்சி மையத்துக்கு அன்றைக்கே வந்துவிடுவார்கள், மாதக்கணக்கில் வைத்துப் பயிற்சி தரலாம். பத்தொன்பது வயதில் நிலைமை தலைகீழ். நல்லவர்கள் டென்மார்க்கிலோ பிரான்ஸிலோ ஆஸ்திரியாவிலோ ஒப்பந்தத்தில் இருப்பார்கள். அண்டர்-20 தொடருக்கு வீரரை அனுப்பியே ஆக வேண்டும் என்று கிளப்பைக் கட்டாயப்படுத்த விதி கிடையாது. அந்த வயதின் முதல் பதினொரு பேர் ஒரு பக்கம், சாட்டிலைட்ஸ் ஜெர்சி போட்டு இறங்கும் பதினொரு பேர் இன்னொரு பக்கம். 2009இல் அயூவைப் பிரான்ஸிலிருந்தும் அடியாவை நார்வேயிலிருந்தும் வரவழைக்க முடிந்தது. இன்று அப்படி நடந்தால் அது கிளப்பின் தயவு.

மூன்றாவது, வயது. மேற்கு ஆப்பிரிக்க இளையோர் கால்பந்தைப் பற்றிப் பேசிவிட்டு இதைத் தொடாமல் போவது நேர்மையல்ல. 2009 முதல் ஃபிஃபா அண்டர்-17 தொடர்களில் மணிக்கட்டு எலும்பை எம்ஆர்ஐ ஸ்கேன் செய்து பார்க்கிறது. வளர்ச்சித் தட்டு முழுதாக இணைந்துவிட்டால் பையன் பதினேழைத் தாண்டியிருக்க வாய்ப்பு மிக அதிகம். பல நாடுகள் முகாமிலேயே இந்தச் சோதனையைச் செய்து ஆட்களைக் கழித்துவிடுகின்றன. இருபது வயதுக்கு இப்படி ஒரு சோதனை உதவாது. அந்த எலும்பு எல்லோருக்கும் இணைந்து முடிந்திருக்கும். ஸ்கேன் இருந்தால் மட்டும் போதாது என்பதும் உண்மைதான்: 2019 ஆப்பிரிக்க அண்டர்-17 கோப்பையின் இறுதிவரை போன கினி, வயது விவகாரத்தில் தகுதி நீக்கப்பட்டு, அதன் உலகக் கோப்பை இடம் செனகலுக்குப் போனது. ஆனாலும் இன்றைய அண்டர்-17 முடிவை 1991 முடிவைவிடத் தைரியமாக நம்பலாம். தொண்ணூறுகளின் பதக்கங்களைப் பற்றி யாராவது புருவம் உயர்த்தினால், எந்த மேற்கு ஆப்பிரிக்க நாட்டு ரசிகராலும் மார்பைத் தட்டிப் பதில் சொல்ல முடியாது.

அக்கம்பக்கம் ஒரு பார்வை. நைஜீரியா அண்டர்-17இல் ஐந்து முறை உலக சாம்பியன்: 1985, 1993, 2007, 2013, 2015. அண்டர்-20 உலகக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. 1989இலும் 2005இலும் இறுதியில் தோற்றது. 2005இல் இரண்டு பெனால்டி கோல் போட்டுத் தோற்கடித்தவர் பதினெட்டு வயது மெஸ்ஸி. அண்டர்-20 கோப்பை இல்லாததால் நைஜீரியா சீனியர் கால்பந்தில் எதை இழந்தது? 1993 பையன்களான கனுவும் பாபயாரோவும் ஒருமாவும் 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்கள். 2015இல் 10 கோல் போட்ட விக்டர் ஓசிம்ஹென் பிறகு நாப்போலிக்கு இத்தாலிய லீக்கை வாங்கிக் கொடுத்தார். அண்டர்-17ஐ அடித்தளமாக வைத்தாலும் வீடு நிற்கும்.

அகாடமி வழி செனகலுடையது. ஜெனரேஷன் ஃபுட், டியாம்பார்ஸ் போன்ற அகாடமிகள் பையன்களை வளர்க்கின்றன. பிரான்ஸின் மெட்ஸ் கிளப்போடு ஜெனரேஷன் ஃபுட்டுக்கு நீண்ட கால உறவு உண்டு, சாடியோ மானே அந்த வழியாக வந்தவர். 2022 பிப்ரவரியில் சீனியர் ஆப்பிரிக்கக் கோப்பை, 2023 மார்ச்சில் அண்டர்-20, அதே ஆண்டு மே மாதம் அண்டர்-17 என்று பதினைந்து மாதத்தில் மூன்றையும் செனகல் வாரிக்கொண்டது. பொறாமைப்படத்தக்க வழிதான். கானாவிலும் ரைட் டு ட்ரீம் இருக்கிறது, பிளாக் ஸ்டார்ஸ் வீரர் முகமது குதூஸ் அங்கே வளர்ந்தவர். ஆனால் ரைட் டு ட்ரீமுக்கு டென்மார்க்கில் சொந்தக் கிளப்பே உண்டு. பதினெட்டு வயதானதும் பையன் அங்கே போய்விடுவான். அந்த வழி அகாடமிக்கும் பையனுக்கும் நல்லது, நாட்டின் அணிக்குத் தானாக நன்மை வந்து சேரும் என்று சொல்ல முடியாது. மாலியைப் பாருங்கள். அண்டர்-17இல் 2015இல் இரண்டாம் இடம், 2017இல் நான்காம் இடம், 2023இல் மூன்றாம் இடம்; அண்டர்-20இல் 1999லும் 2015லும் மூன்றாம் இடம். இளையோர் கால்பந்தில் இப்படி ஒரு தொடர்ச்சி வைத்திருக்கும் நாட்டின் சீனியர் அணி ஒரு உலகக் கோப்பைக்கும் போனதில்லை. அகாடமி வீரர்களை உருவாக்கிக் கொடுக்கும். அவர்களை அணியாகச் சேர்ப்பது வேறு வேலை, அதற்கு வேறு யாராவது செலவழிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் பிறந்த கானா வம்சாவளியினரை அழைத்துவருவதை நான்காவது வழி என்பவர்கள் உண்டு. இன்யாக்கி வில்லியம்ஸ், தாரிக் லாம்ப்டி 2022இல் அப்படித்தான் வந்தார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அது சீனியர் அணியின் ஓட்டையை அடைக்கும் வேலை. இளையோர் திட்டத்தோடு ஒப்பிடவே தேவையில்லை.

என் ஓட்டு ஸ்டார்லெட்ஸுக்கு. மேலே சொன்ன மூன்று மாற்றங்கள் போதும் என்றாலும், பழைய முடிவுகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்க்கும்போது இன்னொன்று தெரிகிறது. 1991 அண்டர்-17 கோப்பை. இரண்டாண்டு கழித்து 1993 அண்டர்-20 இறுதிப் போட்டி. 1995 அண்டர்-17 கோப்பை, 1997 அண்டர்-20இல் நான்காம் இடம். 1997 இறுதி, 1999இல் காலிறுதி, அதுவும் ஸ்பெயினிடம் பெனால்டியில் போனது. 1999 மூன்றாம் இடம், 2001இல் இறுதி. 2007 நான்காம் இடம், 2009இல் கோப்பை. சாட்டிலைட்ஸ் நன்றாக ஆடிய தொடர்களில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நன்றாக ஆடிய ஒரு ஸ்டார்லெட்ஸ் அணி நிற்கிறது. ஆட்களும் அதேதான்: குஃபோரும் டுவாவும் 1991இலும் 1993இலும், எஸ்ஸியன் 1999இலும் 2001இலும், ரான்ஸ்ஃபோர்ட் ஓசேயும் டேனியல் ஓபாரேயும் 2007இலும் 2009இலும். கெய்ரோவில் கோப்பை வென்ற பயிற்சியாளர் செல்லாஸ் டெட்டேதான் 2007இல் கொரியாவுக்கும் அந்தப் பையன்களை அழைத்துப் போனவர். அண்டர்-20இன் சாதனை என்று நாம் கொண்டாடுவதில் பாதி, அண்டர்-17 முகாமில் விதைத்தது.

அந்த ஒரே விதிவிலக்கு 2013. கானா 2011 அண்டர்-17இல் இல்லை; ஆனாலும் துருக்கியில் மூன்றாம் இடம், எபனேசர் அசிஃபுவாவுக்கு 6 கோலோடு அதிக கோல் விருது. பதக்கம் வந்தது. ஆனால் 2009 அணியைப் போலப் பெருங்கூட்டமாக யாரும் பிளாக் ஸ்டார்ஸுக்குள் நுழையவில்லை.

எதிர்ப்பக்கம் 2017ஐக் காட்டலாம், அதற்கு வலு உண்டு. டெல்லி நேரு மைதானத்தில் இந்தியாவை 4-0 என்று வீழ்த்தியபோது இரண்டு கோல் போட்ட கேப்டன் எரிக் அய்யாவைத்தான் நம் செய்தித்தாள்களும் கொண்டாடின. குவாஹாட்டியில் மாலியிடம் 1-2 என்று தோற்று வீடு திரும்பிய அந்தப் பையன்கள் 2019இல் சாட்டிலைட்ஸாக எதையும் சாதிக்கவில்லை. ஆப்பிரிக்கக் கோப்பையின் முதல் சுற்றோடு கதை முடிந்தது. சங்கிலி அறுந்த இடம் அது. இருந்தாலும் அதே 2017 அணியில் அதிகம் பேசப்படாமல் ஆடிய குதூஸ்தான் 2022இல் கத்தாரில் தென்கொரியாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை வென்று கொடுத்தார். கோல்கீப்பர் இப்ராஹிம் டான்லாடும் அந்த உலகக் கோப்பை அணியில் இருந்தார். கோப்பை வராத அண்டர்-17 தொடர்கூட ஒரு குதூஸைத் தந்தால் செலவு வீண் இல்லை.

ஆகவே முகாம், நட்பு ஆட்டங்கள், பள்ளிப் படிப்புக்கு ஆசிரியர் (நி ஓடார்ட்டே லாம்ப்டி கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான்) எல்லாம் முதலில் ஸ்டார்லெட்ஸுக்கு. சாட்டிலைட்ஸைப் புதிதாக ஆள் தேடிக் கட்டும் அணியாக நடத்தாமல், அதே பையன்களின் அடுத்த வகுப்பாக, முடிந்தால் அதே பயிற்சியாளரோடு நடத்தலாம். கிளப்புகள் விடாத இரண்டு மூன்று பேருக்குப் பதிலாக உள்ளூரிலிருந்து நிரப்பிக்கொண்டாலே போதும். 2024 மார்ச்சில் அக்ராவில் ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது அண்டர்-20 அணிதான், அந்த மட்டத்துக்கு ஆள் பஞ்சம் இல்லை.

ஒரே ஒரு சூழலில் இந்த வரிசையை மாற்றலாம். அண்டர்-20 உலகக் கோப்பைக்கு வீரர்களை விடுவிப்பதை ஃபிஃபா கட்டாயமாக்கினால், அயூவும் அடியாவும் வந்ததுபோல இன்றைய பத்தொன்பது வயதுக்காரர்களும் வருவார்கள். அப்போது சாட்டிலைட்ஸுக்கு முதலிடம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ஐரோப்பியக் கிளப்புகள் அதற்கு லேசில் சம்மதிக்கப் போவதில்லை.